அரைக்கால் அங்குலப் பலகை தேடி

இந்த நாட்டில் வந்து இறங்கிய முதல் மாதம் என்னென்ன தேட வேண்டும் என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். சோஷல் செக்கியூரிற்றி அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், குளிருக்கு ஒரு நல்ல கோட், மிளகாய்த்தூள் விற்கும் கடை. நாங்கள் இம்முறை எழுதுவது ஒருவரும் சொல்லித் தராத ஒரு சாமானைப் பற்றி. மெல்லிய பலகை. சிரிக்காதீர்கள். அதற்காக நாங்கள் மூன்று குடும்பம் ஒரு கோடைகாலம் முழுவதும் நியூ ஜேர்சியைச் சுற்றி அலைந்தோம்.

நாங்கள் இருப்பது எடிசன் பக்கத்தில், ஒரே மாடிக்கட்டிடத்தில். வேலை ஒரே தொழிற்சாலையில், பெட்டி அடைக்கும் வேலை. எங்களில் ஒரு வீட்டில் ஒரு ஐயா இருக்கிறார். சொந்தம் ஒரு வீட்டுக்குத்தான், ஆனால் எங்கள் எல்லோருக்கும் அவர் ஐயாதான். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் தச்சு வேலை செய்தவர். கோயில் வாகனங்கள் திருத்தியவர், கதவு நிலை செய்தவர், வாசலுக்கு மேலே காற்று வரப் பலகையில் பூ வெட்டிப் பொருத்தியவர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது வாள், உளி, சீவுளி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோனார். 2009 இல் அந்தச் சாக்கும் போய்விட்டது.

இங்கே வந்தபின் ஐயாவுக்கு வேலை யன்னல் பக்கத்தில் இருப்பது மட்டும்தான். நாங்கள் காலமை ஐந்தரைக்கு வானில் ஏறினால் பின்னேரம்தான் திரும்புவோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அவருக்கு இங்கிலீஷ் இல்லை, கார் இல்லை, கதைக்க ஆள் இல்லை. சலரோகம் வேறு. ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார், "சாமி படத்துக்கு ஒரு மாடம் செய்யலாம். அரைக்கால் அங்குலப் பலகை கொஞ்சம் கிடைச்சால் காணும்." மூன்று மாதத்தில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் சாமான் அது. எப்படி இல்லை என்பது?

ஊரில் மெல்லிய பலகை என்றால் தேயிலைப் பெட்டி. மூன்று படை ஒட்டிய பலகை, ஓரத்தில் தகரம், உள்ளே வெள்ளித்தாள். காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் அந்த ஒட்டுப்பலகை செய்யும் தொழிற்சாலையே இருந்தது. தேயிலை பிறகு கடதாசிச் சாக்குக்கு மாறிவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் மலைநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வெறும் பெட்டிகளைக் கடைக்காரரிடம் வாங்கி, பிறெற் வாளால் மயிலும் தாமரையும் வெட்டியதாக ஐயா சொல்லுவார்.

இங்கே முதலில் போனது எல்லோரும் போகும் ஒரு பெரிய மரச்சாமான் கடைக்கு. வீடு கட்டுகிறவர்களுக்கான கடை அது. கிடைப்பதெல்லாம் முக்கால் அங்குலம். மெல்லியது என்று கேட்டால் நிலத்துக்குக் கீழே விரிக்கும் ஐந்து மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையைக் காட்டினார்கள். மலிவு, வாங்கினோம். ஐயா வாளை வைத்ததும் மேல்படை சிம்பு சிம்பாகக் கிளம்பியது. நடுவில் ஓட்டை வேறு. "இது பலகை இல்லைத் தம்பி, மட்டை" என்று சொல்லி வாளைக் கீழே வைத்தவர், ஒரு கிழமை அதைத் தொடவில்லை. பிழை எங்களுடையது. நிலத்துக்குப் போடும் பலகை பூ வெட்டச் செய்யப்பட்டதல்ல.

அதன்பின் விசாரித்து அறிந்ததை வரிசையாகச் சொல்கிறோம். உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் கணக்கு. கால் அங்குலம் ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர், அரைக்கால் அங்குலம் மூன்று. எங்களுடைய கால், அரைக்கால், மாகாணி எல்லாம் இந்த நாட்டு அளவுநாடாவில் அப்படியே இருக்கின்றன. நாலில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. கடையில் 'வன் எய்ற்' என்று கேளுங்கள், அதுதான் அரைக்கால். ஐயாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவருக்கு இந்த நாட்டின் மேல் வந்த முதல் மரியாதை அதுதான் என்று நினைக்கிறோம்.

சிறு துண்டுதான் வேண்டுமென்றால் மைக்கல்ஸ் போன்ற கைவினைச் சாமான் கடைகளில் பாஸ்வூட் என்ற மரத்தில் மெல்லிய கீற்றுகள் விற்பார்கள். வெள்ளை மரம், மென்மை, கையால் வெட்டப் பிள்ளைகளுக்கும் முடியும். அகலம் நாலு விரற்கடை அளவில்தான் இருக்கும்.

பூ வெட்டுகிறவர்கள் இந்த நாட்டில் விரும்புவது 'போல்ற்றிக் பேர்ச்' என்ற ஒட்டுப்பலகை. மூன்று மில்லிமீற்றரிலும் மூன்று படை, உள்ளேயும் நல்ல மரம், ஓட்டை இல்லை. முழுத்தகடு ஐந்தடிக்கு ஐந்தடி. மரவேலைச் சாமான் கடைகளிலும் தபாலிலும் சிறு சதுரங்களாக வெட்டித் தருவார்கள். இது பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்த பலகை. 2022 இல் உக்ரேன் யுத்தம் தொடங்கியபின் அமெரிக்கா வரியைக் கூட்டியது, விலையும் ஏறியது. எங்கேயோ நடக்கும் யுத்தம் ஒரு பலகைத் துண்டில் வந்து நிற்பது எங்களுக்குப் புதிய விசயமில்லை.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. மே மாதக் கடைசியில் நியூ பிறண்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் வீடு மாறும்போது றோட்டோரத்தில் மேசை, அலுமாரி எல்லாம் கிடக்கும். லாச்சியின் அடிப்பலகையைப் பாருங்கள். அநேகமாக மெல்லிய ஒட்டுப்பலகை. ஆனால் பழைய பெயின்ற் அடித்த மரத்தை வெட்டாதீர்கள். 1978 க்கு முந்திய பெயின்றில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாது. எங்களைப் போலத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பலற் கட்டைகள் கண்ணில் படும். எடுக்குமுன் மேலாளரைக் கேளுங்கள், பிறகு முத்திரையைப் பாருங்கள். எச்.ரி. என்றால் சூடுகாட்டிய மரம். எம்.பி. என்றால் பூச்சிமருந்துப் புகை அடித்தது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

நல்ல மரமே வேண்டுமென்றால் மர ஆலைக்குப் போகலாம். ரெண்டனில் வில்லார்ட் பிறதேர்ஸ் என்ற இடத்தில் மரம் அறுக்கும் ஆலையும் விற்கும் இடமும் ஒன்றாக இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே போனதும் வாசனை பிடித்தார். பலகைகளை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நடந்தார். ஓக், மேப்பிள், வால்நட், செறி ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பெயர் கேட்டு, தானே இன்னொரு பெயர் வைத்தார். வால்நட்டைப் பார்த்து "இது எங்கட கருங்காலிக்குச் சித்தப்பா" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்ததைப் பிள்ளைகள் கண்டார்கள்.

அங்கே விலை 'போர்ட் புட்' கணக்கு. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலம் தடிப்பு ஒரு போர்ட் புட். ஆறு அங்குல அகலத்தில் நாலு அடி நீளம் என்றால் இரண்டு. நாங்கள் செறியில் ஒரு துண்டு வாங்கினோம். ஆனால் அது ஒரு அங்குலத் தடிப்பு. அதை யார் கீறுவது?

எங்கள் வேலைத்தலத்தில் எக்குவடோர் நாட்டுக்காரர் ஒருவர் கூட நிற்கிறவர். அவருடைய கராஜில் பட்டி வாள் இருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போனோம். அவருக்கு ஸ்பானிஷ், ஐயாவுக்குத் தமிழ், எங்களுக்கு இரண்டு பேரின் இடையில் அரைகுறை இங்கிலீஷ். பத்து நிமிசத்தில் எங்களைத் தேவையில்லை என்றாகிவிட்டது. ஐயா பென்சிலால் நேர்க்கோடு போட, அவர் பலகையை நிமிர்த்தி மெல்ல மெல்லக் கீறினார். வாள் தின்றது போக, சீவியது போக, ஒரு அங்குலத்தில் இரண்டு கால் அங்குலப் பலகை மிஞ்சியது. அரைக்கால் கேட்ட ஐயா, திட மரமென்றால் கால் அங்குலம் இருந்தால்தான் நிற்கும் என்றார்.

புதிதாகக் கீறிய பலகை வளையும். உள்ளே இருந்த ஈரம் வெளியே வருவதால் அப்படி. ஐயா துண்டுகளுக்கிடையில் ஒரேயளவான சின்னக் கட்டைகளை வைத்து அடுக்கி, மேலே இருபது இறாத்தல் அரிசி மூட்டையை ஏற்றி மூன்று கிழமை விட்டார். அரிசி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்டுத்தான் எடுத்தோம்.

வாள் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சார வாள் வாங்க வேண்டியதில்லை, மாடி வீட்டில் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரரும் விடமாட்டார். கை வாள் போதும். அலகின் பல் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், சுண்டினால் தந்தி மாதிரிச் சத்தம் வர இறுக்க வேண்டும். நடுவில் பூ வெட்ட முதலில் துளை போட்டு, அலகை அதற்குள்ளால் விட்டுப் பூட்ட வேண்டும். பலகையின் மேல் பெட்டி ஒட்டும் ரேப்பை ஒட்டி வெட்டினால் மரம் கருகாது. இது இயந்திர வாளுக்கு இன்னும் உதவும். மூக்குக்கு முகமூடி கட்டுங்கள். சில பொது நூலகங்களில் வேலைசெய்யும் அறையும் இயந்திரங்களும் இருக்கின்றன, விசாரித்துப் பாருங்கள்.

பலகை காயும் நாட்களில் ஐயாவை ஓஷன் குறோவுக்குக் கூட்டிப் போனோம். கார் இல்லாதவர்களும் போகலாம். எடிசனில் ரெயின் ஏறி, றாவேயில் மாறி, லோங் பிறான்ச்சில் இன்னொரு முறை மாறி, அஸ்பரி பார்க்கில் இறங்கினால் நடை தூரம். 1869 இல் மெதடிஸ்த சபையினர் கடற்கரையில் கூடாரமடித்துத் தொடங்கிய ஊர். 1894 இல் அவர்கள் மரத்தால் கட்டிய பெரிய மண்டபம் இன்றும் நிற்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் விறாந்தைக்கு விறாந்தை பூ வெட்டிய பலகை. தூணுக்கும் வளைக்கும் இடையில், கூரை ஓரத்தில், கைபிடிச் சுவரில். ஊரில் பழைய ரெயில்வே ஸ்ரேசன் கூரை ஓரங்களில் தொங்கும் அதே மாதிரிப் பலகைதான்.

ஐயா ஒரு வீட்டின் முன்னால் அண்ணாந்து நின்றார். நாங்கள் வா வா என்று கூப்பிடக் கேட்கவில்லை. வீட்டுக்காரப் பெண்மணி வெளியே வந்தார். ஏதும் பிழையோ என்று எங்களுக்குப் பயம். வந்த நாட்டில் ஆட்களின் வாசலில் நிற்கப் பயப்படப் பழகியிருக்கிறோம். ஐயா தன் கையால் வாள் இழுப்பதுபோலக் காட்டி, மேலே விரலை நீட்டினார். அந்த அம்மா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார், கிட்ட நின்று பார்க்க.

நீராவியால் ஓடிய வாள் வந்தபின்தான் இந்த நாட்டில் இப்படி வீட்டுக்கு வீடு பூ வெட்டினார்கள். வீட்டிலிருந்து வெட்டக் காலால் மிதிக்கும் வாள்களும் விற்றன. இலினோய் மாநிலத்தில் றொக்போர்ட் என்ற ஊரில் பார்ன்ஸ் கொம்பனி அவற்றைச் செய்தது. வசதியில்லாதவர்கள் சுருட்டுப் பெட்டியைப் பிரித்து அந்தச் செடர் பலகையில் வெட்டினார்கள். எங்கட தேயிலைப் பெட்டிக் கதைதான். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் சன் பிரான்சிஸ்கோவில் அலமோ ஸ்குயர் பக்கத்து வீடுகளையும், ரெக்சாசில் இருப்பவர்கள் கல்வெஸ்ரன் ஊரையும் பாருங்கள், அங்கும் இந்த வேலை இருக்கிறது.

மாடம் முடிந்துவிட்டது. முன்பக்கம் செறி, பக்கப்பலகை பேர்ச். இரண்டு மயில், நடுவில் தாமரை. ஒரு மயிலின் கொண்டை உடைந்து ஒட்டியிருக்கிறது, அதைக் காட்டித்தான் ஐயா எல்லோருக்கும் கதை சொல்லுகிறார். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகள் மூன்று பேர் அவரிடம் வாள் பிடிக்கப் பழகுகிறார்கள். அவர் தமிழில்தான் சொல்லுவார், அவர்களுக்கு அரைக்கால் என்றால் என்னவென்று இப்போது தெரியும்.

இன்னும் நல்ல இடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். உங்கள் வீட்டிலும் யன்னல் பக்கத்தில் ஒருவர் இருந்தால், அவர் ஊரில் என்ன வேலை செய்தவர் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் மூன்று மில்லிமீற்றர் பேர்ச் நாலு துண்டு மிச்சம் இருக்கிறது. வேண்டியவர்களுக்குத் தருவோம்.