எண்ணுக்கு ஏது ஊர்?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்று ஒரு சிற்றூர். விச்சிடா நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அதன் அருகே 360 ஏக்கரில் ஒரு பண்ணை. மேய்ச்சல் நிலம், பழைய பழத்தோட்டம், இரண்டு தானியக் கொட்டகைகள், ஒரு மாடி வீடு. நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் சொத்து. பக்கத்து வீட்டுக்கே ஒரு மைல் போக வேண்டும். நிம்மதியாக வாழ இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

2011 மே மாதம் ஒரு குடும்பம் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தது. முதல் வாரமே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள், திருடுபோன லாரி ஒன்றைத் தேடி. லாரி அங்கே இல்லை. ஆனால் வருகைகள் நிற்கவில்லை. வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளைத் தேடிப் போலீஸ், தற்கொலை மிரட்டல் விடுத்த முன்னாள் ராணுவ வீரரைத் தேடி ஆம்புலன்ஸ், வரி ஏய்ப்பவரைத் தேடி வருமான வரிக்காரர்கள், மோசடிக்காரரைத் தேடி எஃப்.பி.ஐ. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நேராகவே வந்து கொட்டகைக்குள் துழாவினார்கள். உடைந்த டாய்லெட் ஒன்றை வாசல் பாதையில் போட்டுவிட்டுப் போனார் ஒரு புண்ணியவான். கடைசியில் உள்ளூர் ஷெரிஃப், 'இந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள், சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள்' என்கிற பொருளில் வாசலில் ஒரு பலகையே வைக்க நேர்ந்தது.

நிலத்தின் சொந்தக்காரர் 82 வயது மூதாட்டி. அவரோ வாடகைக்கு இருந்தவர்களோ எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர்கள் வீடு ஒரு டேட்டாபேஸில் இருந்தது, அவ்வளவுதான்.

இன்டர்நெட்டில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தேவை. அதுதான் ஐ.பி. முகவரி. 'முகவரி' என்ற சொல்லே ஏமாற்றுகிறது. நம் தபால்துறை 1972ல் கொண்டுவந்த பின்கோடில் முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பகுதி என்று சொல்லிவிடலாம். ஐ.பி. எண்ணில் அப்படி எந்த ஊரும் ஒளிந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர்களுக்கிடையே தகவல் போய்ச் சேர உதவுவதுதான் அதன் வேலை. அந்தக் கம்ப்யூட்டர் மதுரையில் இருக்கிறதா மங்கோலியாவில் இருக்கிறதா என்பது அதற்கு அக்கறையில்லாத விஷயம்.

ஆனால் மனிதர்களுக்கு அக்கறை இருக்கிறது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறு. சென்னை வாடிக்கையாளரின் கணக்கில் திடீரென்று வேறொரு கண்டத்திலிருந்து யாராவது நுழைந்தால் வங்கி உஷாராக வேண்டும். சட்டமும் கேட்கிறது. நாஜிச் சின்னங்களை ஏலம் விடும் பக்கங்களை பிரான்ஸ் மக்கள் பார்க்க முடியாதபடி யாஹூ தடுக்க முடியுமா என்று 2000ல் பாரிஸ் நீதிமன்றம் நிபுணர்களைக் கேட்டது. ஐ.பி. எண்ணை வைத்து பிரான்ஸ்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேரை அடையாளம் காணலாம் என்றார்கள் அவர்கள். அப்போதே மீதி 30 சதவீதம் புகைமூட்டம்தான்.

எண்ணிலிருந்து ஊரைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் உண்டு. துப்பறியும் வேலைதான். எந்த எண் வரிசை எந்த நிறுவனத்துக்கு என்று பதிவேடுகள் சொல்லும். ஆனால் பெரும்பாலும் தலைமை அலுவலகம் இருக்கும் நாட்டைத்தான் சொல்லும், சந்தாதாரரின் தெருவை அல்ல. அடுத்த துப்பு, நேரம். கண்ணாடி இழைக் கேபிளில் தகவல் ஒரு மில்லி செகண்டுக்கு சுமார் 200 கி.மீ. பாய்கிறது. கேள்வி அனுப்பி 10 மில்லி செகண்டில் பதில் திரும்பினால், பதில் சொன்ன கம்ப்யூட்டர் 1,000 கி.மீ.க்கு அப்பால் இருக்க முடியாது. எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது.

இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்ததும் நிலைப்பதில்லை. பழைய முறையில் இருக்கும் எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பகுதியில் அதே வருடம் ஏப்ரலிலேயே ரேஷன் தொடங்கிவிட்டது. பற்றாக்குறை வந்தால் சந்தையும் வருமே! திவாலான நார்டெல் கம்பெனியிடமிருந்து 6,66,624 எண்களை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது மைக்ரோசாஃப்ட். அதுவும் 2011ல்தான். இன்று எண்கள் விற்கப்படுகின்றன, குத்தகைக்கு விடப்படுகின்றன, எல்லை தாண்டுகின்றன. போன மாதம் ஒரு நாட்டில் இருந்த எண் இந்த மாதம் வேறு நாட்டில் இருக்கலாம். அதனால் இந்த டேட்டாபேஸ்களை வாரந்தோறும், சில சமயம் தினந்தோறும் திருத்தியாக வேண்டியிருக்கிறது.

பாட்வின் பண்ணைக்கு வினை வந்தது இப்படித்தான். மேக்ஸ்மைண்ட் இந்தத் துறையில் பெரிய பெயர். 2002ல் தொழில் தொடங்கியபோது அதற்கு ஒரு சிக்கல். ஒரு எண் அமெரிக்காவைச் சேர்ந்தது என்று மட்டும் தெரிகிறது, எந்த ஊர் என்று தெரியவில்லை. அதை வரைபடத்தில் எங்கே வைப்பது? நாட்டின் நடுவில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நிஜமான நடுப்புள்ளி கான்சாஸின் வடக்கே, லெபனான் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கு பின்னமாக இருந்ததால், சுலபமாக 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு என்று முழு எண்ணாக்கிவிட்டார்கள். நடுப்புள்ளியிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளி விழுந்த அந்தப் புள்ளி, மூதாட்டியின் வீட்டு முற்றம்!

நாளாக ஆக 60 கோடிக்கும் அதிகமான எண்கள் அந்த முற்றத்தில் குவிந்தன. 'தெரியாது' என்ற பதில்தான் அத்தனையும். ஆனால் தசமப் புள்ளிக்குப் பின் வரிசையாகப் பூஜ்யங்களோடு அது திரையில் தோன்றும்போது, தெரியாது என்று யாருக்கும் படவில்லை. இன்டர்நெட்டில் ஏமாந்தவர் எண்ணைப் போட்டுப் பார்த்தார். வரைபடத்தில் ஒரு வீடு தெரிந்தது. கிளம்பிவிட்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பத்திரிகையாளர், காஷ்மீர் ஹில். பெயரை வைத்து ஊரைத் தேட வேண்டாம், அவர் அமெரிக்கர். 2016 ஏப்ரலில் அவருடைய கட்டுரை வந்தது. மூதாட்டிக்கே தன் பல வருடத் தொல்லைக்குக் காரணம் அவர் மூலமாகத்தான் தெரிந்தது. ஊர் அளவுக்குத்தான் எங்கள் தகவல், வீட்டைக் கண்டுபிடிக்க அல்ல என்பது கம்பெனியின் வாதம். சொன்னது நிஜம்தான். வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அது எட்டவில்லை என்பதும் நிஜம். கம்பெனி உடனே புள்ளியை விச்சிடாவுக்கு மேற்கே ஓர் ஏரியின் நடுவில் நகர்த்தி வைத்தது. வாடகைக் குடும்பம் அதே ஆண்டு வழக்குத் தொடர்ந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரிலும் ஒரு வீட்டுக்கு இதே கதி என்று 2019ல் தெரியவந்தது. அமெரிக்க அரசின் புவித் தகவல் உளவு அமைப்பு நகரத்துக்கென்று குறித்து வைத்த புள்ளி ஒரு வீட்டுக் கொல்லையில் விழுந்திருந்தது. கைமாறிக் கைமாறி அது டேட்டாபேஸ்களில் ஏறிவிட்டது. தொலைந்துபோன போன்களைத் தேடிப் போலீஸும் பொதுமக்களும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிசகை ஓரிடத்தில் திருத்தினால் போதாது, அதைப் பிரதி எடுத்த எல்லா இடத்திலும் திருத்த வேண்டும்.

இந்தியாவில் புகைமூட்டம் இன்னும் அடர்த்தி. கோவையில் மொபைல் போனைத் திறந்தால் அது சென்னை என்றோ மும்பை என்றோ காட்டுவது சகஜம். எண் பற்றாக்குறையால் ஒரே ஐ.பி. எண்ணைப் பெருந்திரளான சந்தாதாரர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இன்னாரென்று பிரித்தறிய, நொடிக்கணக்கில் சரியான நேரமும் 'போர்ட்' எண்ணும் வேண்டும். அது பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டதாக 2007 ஆகஸ்டில் பெங்களூரில் ஓர் இளம் சாஃப்ட்வேர் இன்ஜினீயரை புனே போலீஸ் கைது செய்தது. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஐ.பி. விவரம் தப்பு. தவறு தெரிந்து வெளியே வருவதற்குள் 50 நாள் சிறையில் கழிந்துவிட்டது. இது இடம் காட்டும் டேட்டாபேஸின் பிழையல்ல, சந்தாதாரர் பதிவின் பிழை. ஆனால் நோய் ஒன்றுதான். எண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

மருந்து இல்லாமல் இல்லை. தன் எண்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்று இன்டர்நெட் கம்பெனியே எளிய பட்டியலாக வெளியிடலாம். வரிக்கு ஒரு எண் தொகுதி, நாடு, மாநிலம், நகரம். இதற்கான முறை 2020ல் எழுதப்பட்டது. பட்டியல் போடுவது எளிது. ஆறு மாதம் கழித்து ஒரு தொகுதியை நாக்பூரிலிருந்து ராய்ப்பூருக்கு மாற்றும்போது ஞாபகமாக அந்த ஒரு வரியைத் திருத்த யாராவது வேண்டும். யாரும் பாராட்டாத வேலை. சரியாகச் செய்தால் எதுவும் நடக்காது.

இரண்டாவது, தெரியாததைத் தெரியாது என்று பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்வது. இப்போது பல டேட்டாபேஸ்கள் புள்ளியோடு 'இத்தனை கி.மீ. சுற்றளவுக்குள் எங்கேயாவது' என்ற குறிப்பையும் தருகின்றன. அதைத் திரையில் வட்டமாக வரையாமல் குத்தூசியாகக் காட்டினால் பழைய குடி கெடுத்த வேலைதான். மூன்றாவது, தப்பு என்று சொல்லி வருபவரைக் கேட்க ஒரு கதவு. திருத்தம் கோரும் படிவத்தை மேக்ஸ்மைண்ட் உட்படப் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. ஆனால் தன் வாசலில் போலீஸ் நிற்பதற்கு ஒரு டேட்டாபேஸ்தான் காரணம் என்றே தெரியாதவர், எந்தப் படிவத்தைத் தேடுவார்?

பாட்வின் பண்ணைக்குச் சேர்ந்த அந்த எண்கள் இடம் மாறியதே தவிர, அவற்றுக்குச் சொந்தமான ஊர்கள் ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. அறியாமை அப்படியே ஏரிக்குப் போனது. அங்கே கதவு இல்லை, தட்டினால் திறக்க யாரும் இல்லை. அந்த ஒரு திருத்தத்தைச் செய்ய 14 வருடம் ஆயிற்று.