சாரல் வருது... குரல் வருதா? ஓவர்!

ஜூன் பிறந்துட்டா தென்காசிப் பக்கம் வெயிலே கொஞ்சம் பம்மித்தான் நடக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து சிலுசிலுன்னு நுழையும். ஆகஸ்ட் தாண்டியும் குற்றாலத்தில் சாரல் திருவிழாதான்!

எல்லாரும் துண்டும் எண்ணெயும் எடுத்துட்டுக் கிளம்புவாங்க. இந்தத் தடவை நாம கூடுதலா ஒண்ணு எடுத்துக்கலாம்... வாக்கி டாக்கி! அருவிக்கரையில் போலீஸ்காரர் கையில் கரகரன்னு கத்திட்டே இருக்குமே, அதேதான். உங்க கல்லூரி ஹாம் கிளப் பசங்க ரெண்டு செட்டோட வர்றாங்கன்னு வெச்சுக்கோங்க. பட்டனை அமுக்கினா சிவப்பு விளக்கு எரியுது, ஆனா எதிர்முனையில் குரல் வரலை. 'ஏல, கேக்காலே?'ன்னு தொண்டை கிழியக் கத்தினாலும் பதில் இல்லை. ஏன்? குற்றாலத்தை ஒரு சுத்து சுத்தினா பதில் கிடைச்சுடும்.

கோபுர வாசல் காத்து

முதல் ஸ்டாப், தென்காசி காசி விசுவநாதர் கோயில். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில். பாழடைஞ்சு கிடந்த ராஜகோபுரத்தை மறுபடி கட்டி, 1990-ல் குடமுழுக்கு நடத்தினாங்க. உள்ளே நுழையும்போதே காத்து ஆளைத் தள்ளும் பாருங்க, அதுக்கே இந்தக் கோயில் ஃபேமஸ்!

இதே காத்து நேரா மைக் ஓட்டையில் மோதினா, எதிர்முனையில் 'புஸ்... புஸ்...'தான் கேக்கும். செட்டை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில், கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. மூச்சுக்காத்து மைக்கைத் தாண்டிப் போகணும், குரல் மட்டும் உள்ளே போகணும். காத்துக்கு முதுகைக் காட்டி நின்னுக்கோங்க. பாதிப் பிரச்னை காலி!

பேரருவிகிட்ட போட்டி போடாதீங்க

அடுத்து பேரருவி. பொங்குமாங்கடல்ல விழுந்து பொங்கி வழியுற தண்ணி, பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பிச்சா போலீஸ் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேத்திடும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிக்கிற மாப்ள பேசுறதே காதில் விழாது. உடனே நம்ம ஆளு மைக்கில் கத்துவான். அதுதான் தப்பு!

குரல் ஒரு அளவுக்கு மேல போகாம வெட்டிவிட, எஃப்.எம். வாக்கி டாக்கிக்குள்ளேயே ஒரு சுற்று இருக்கு. கத்தினா சத்தம் கூடாது, குரல்தான் பிசிறும். அதனால அருவிக்கு முதுகைக் காட்டுங்க, உடம்பே இரைச்சலுக்கு ஒரு தடுப்பு. செட்டை ரெண்டு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்து, சாதாரணமா பேசுங்க.

இன்னொண்ணு, 'வாக்ஸ்' வசதியை ஆஃப் பண்ணிடுங்க. பட்டனை அமுக்காமலே, குரல் கேட்டதும் தானா ஒலிபரப்புற வசதி அது. பேரருவிக்குப் பக்கத்தில் அதை ஆன் பண்ணி வெச்சா அருவிதான் நாள் முழுக்கப் பேசும். சேனலில் வேற யாரும் வாய் திறக்க முடியாது!

ஐந்தருவி துளியும் மசாஜ் எண்ணெயும்

ஐந்தருவியில் வில்லன் ஒரே ஒரு துளி தண்ணி. மைக் ஓட்டை குண்டூசித் தலை அளவுதான். அதில் ஒரு துளி உட்கார்ந்தா படலம் மாதிரி அடைச்சுக்கும். குரல் போர்வைக்குள்ளேயிருந்து பேசுற மாதிரி அமுங்கிப்போகும். செட்டைக் கவிழ்த்து உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டினா போதும். ஊசி விட்டுக் குடையாதீங்க, மைக்கே கிழிஞ்சுடும்.

அடுத்த வில்லன் குற்றாலத்துக்கே உரியவர்... எண்ணெய் மசாஜ்! எண்ணெய் வழியுற கையோட செட்டைப் பிடிச்சா, எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஓட்டையில் பிசினா அப்பிக்கும். தட்டினா போகாது. முதல்ல கையைத் துடைங்க, அப்புறம் செட்டைத் தொடுங்க.

'என் செட்டு வாட்டர் ப்ரூஃப் மச்சி'ன்னு அருவிக்குள்ள தூக்கிட்டுப் போகாதீங்க. ஐ.பி.67-ன்னா, ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில் 30 நிமிஷம் சும்மா கிடந்தா தாங்கும்னு அர்த்தம். மேலேயிருந்து அடிக்கிற அருவிக்கு அது உத்தரவாதம் இல்லை.

பரோட்டா மேசையில் பரிசோதனை

இப்போ பசிக்குமே! செங்கோட்டை போற வழியில் பார்டர் பரோட்டாவை ஆர்டர் பண்ணிட்டு, நனையாத அந்த மேசையில் செட்டைச் சோதிக்கலாம். ஆன்டெனாவைக் கழட்டிட்டு மட்டும் ஒலிபரப்பாதீங்க, சக்தி வெளியேற வழியில்லாம கடைசி டிரான்சிஸ்டரே புகைஞ்சுடலாம்.

முதல்ல எதிர்முனையில் என்ன கேக்குதுன்னு நண்பர்கிட்ட விசாரிங்க. 'ஸ்ஸ்ஸ்'னு இரைச்சலோட குரலும் வந்தா சிக்னல் பலவீனம். இடம் மாறி நில்லுங்க. இரைச்சல் நின்னு சுத்தமான அமைதி மட்டும் வந்தா சிக்னல் நல்லா போகுது, குரல்தான் ஏறலை. மைக் பக்கம் பாருங்க.

அடுத்து, சட்டையில் மாட்டுற ஸ்பீக்கர் மைக்கைக் கழட்டிட்டுப் பேசுங்க. குரல் வந்துட்டா கோளாறு அந்த வயரிலோ, ஈரமான பிளக்கிலோ இருக்கு. அது பாதி செருகியிருந்தாகூட உள் மைக் வேலை செய்யாம போகலாம். கழட்டியும் வரலைன்னா, வேறொரு நல்ல வெளி மைக்கை மாட்டிப் பாருங்க. அதில் வந்தா உள் மைக்தான் அவுட்.

மைக் நல்லா இருந்தும் குரல் சன்னமா போனா மெனுவைப் பாருங்க. ஒரு செட் 12.5 கிலோ ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 25-ன்னு இருந்தா ஒரு பக்கம் குரல் மெலியும், மறுபக்கம் பிசிறும். ரெண்டையும் ஒண்ணாக்குங்க. கேக்கும்போது ஜம்முன்னு இருந்து, பேச அமுக்கினதும் செட் படுத்துட்டா பேட்டரி காலி. பேசத்தான் மின்சாரம் அதிகம் வேணும்.

பழைய குற்றாலம் சொல்ற பாடம்

கடைசியா பழைய குற்றாலம். இங்கே கொஞ்சம் சீரியஸா பேசுவோம். 2024 மே 17 அன்னிக்கு இங்கே திடீர் காட்டு வெள்ளம் வந்தது. குளிச்சுட்டு இருந்தவங்க அலறி ஓடினாங்க. 17 வயசு மாணவர் ஒருத்தர் வெள்ளத்தில் போயிட்டார். கீழே மழையே இல்லாட்டியும் மேலே காட்டில் கொட்டினா, கொஞ்ச நேரத்தில் அருவியே நிறம் மாறி வரும்.

அப்படி ஒரு நேரத்தில் 'வெள்ளம் வருது, மேலே ஏறுங்க'ன்னு யாரோ சொல்லணும். பட்டனை அமுக்கின அதே நொடியில் பேசினா முதல் வார்த்தை வெட்டுப்படும். எதிர்முனைக்கு 'வருது' மட்டும்தான் போகும். என்ன வருது? பஸ்ஸா, பரோட்டாவா? அதனால அமுக்குங்க, ஒரு நொடி நிறுத்துங்க, அப்புறம் பேசுங்க. சொன்னதை எதிர்முனை திருப்பிச் சொன்னாத்தான் தகவல் போய்ச் சேர்ந்ததா அர்த்தம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் போர்ட் பிளேரில் தொடர்புகள் அறுந்தப்போ, ஹாம் ஒலிபரப்புக்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் குழுதான் தங்களோட ரேடியோ மூலம் வெளியுலகத்துக்குத் தகவல் அனுப்பினாங்க. பொழுதுபோக்கா கத்துக்கிட்டது உயிர் காக்கும் வேலையாச்சு!

லைசென்ஸ் எடுங்க பாஸ்!

ஆன்லைனில் மலிவா ஒரு செட் வாங்கி கண்ட அலைவரிசையிலும் பேசினா அது குற்றம். 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸில் இயங்குற குறைந்த சக்தி செட்டுகளுக்கு மட்டும் 2018 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. 144-146 மெகா ஹெர்ட்ஸ் ஹாம் பட்டையில் பேசணும்னா மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. நடத்துற தேர்வில் பாஸாகணும். 12 வயசு ஆகியிருந்தாலே எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கோடு தேவையில்லை.

விண்ணப்பிக்கிற அரசு இணையதளத்தோட பேரு என்ன தெரியுமா? 'சரல் சஞ்சார்'! இந்தியில் அது 'எளிய தொடர்பு'. நம்ம குற்றாலத்துக்காரங்க மட்டும் அதை 'சாரல் சஞ்சாரம்'னே படிச்சுக்கலாம்... ஓவர்!