கச்சான் காற்றும் கோவளத்து அலையும்

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவிலிருந்து கோவளம் கடற்கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஒரகடம், வண்டலூர், கேளம்பாக்கம் என்று கிழக்கே செல்லும் வழி கடலில் போய் முடிகிறது. அலைச்சறுக்குப் பழக நினைக்கும் பூங்காத் தொழிலாளர் முதலில் விசாரிப்பது அலையின் உயரத்தை. அந்தக் கடற்கரையிலோ உயரத்தைவிடக் காற்றின் திசையும் பொழுதுமே சறுக்கலைத் தீர்மானிக்கின்றன.

தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும் சீரான தொலைவலை, இலங்கையைச் சுற்றி வளைந்து வலுக் குறைந்த பிறகே சோழமண்டலக் கரையை எட்டுகிறது. அடுத்தடுத்த இரு முகடுகள் ஓரிடத்தைக் கடக்கும் இடைவெளி நேரமே அலைக்காலம் எனப்படும். அது 12 நொடிக்கு மேல் இருந்தால் இடுப்பளவு அலைகூடப் பலகையை நெடுந்தூரம் தள்ளிச் செல்லும், 6 நொடிக் காற்றலையோ தலையளவு எழுந்தாலும் நுரைத்துக் குலைந்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியலில் வீசும் கச்சான், அதாவது மேற்கு, தென்மேற்குக் காற்று, நிலத்திலிருந்து அலையை எதிர்த்து வீசுவதால் அதன் முகப்பு உடனே சரியாமல் நிமிர்ந்து நிற்கிறது. பிற்பகல் கடற்காற்று கிளம்பியதும் அந்த ஒழுங்கு கலைந்துபோகிறது. இப்பருவத்தில் கரையோரமாக வீசும் காற்று மேல்நீரை வெளிக்கடலுக்கு ஒதுக்க, அடியிலிருந்து குளிர்நீர் மேலெழுவதும் உண்டு. எனினும் குளிர்க்கடல் நாட்டாரின் தடித்த ரப்பர் உடுப்பு இங்கு வீண், வெயிலைத் தடுக்க ஒரு முழுக்கைச் சட்டை போதும்.

கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று வளர்த்த அலைச்சறுக்குப் பள்ளியால் இந்த விளையாட்டு குப்பத்துப் பிள்ளைகளின் சொத்தானது. மாமல்லபுரத்தில் 2023இல் நடந்த உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிப் போட்டியும், 2025இல் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பும் ஆகஸ்டில் அமைந்தது பருவம் அறிந்த தேர்வே.

வாடை வீசும் வடகிழக்குப் பருவத்தில் அலை பெரிதாகும். புதியவருக்கு அது உகந்த காலமன்று. இருபுறமும் அலை உடைய, நடுவே மணல் கலங்கி அமைதியாகத் தோன்றும் இடைவெளிதான் கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுப்பு நீரோட்டம். அதில் சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். இறங்குமுன் ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அன்றைய அலை எச்சரிக்கையைப் பார்த்துவிடுவதும் அவசியம்.