திமோசென்கோ: ஒரு கையெழுத்துக்குப் பிறகு

பொறியியல் படிக்கிற எங்களுக்கு ஸ்டீபன் திமோசென்கோ எண்டால் ஒரு பீம். சோதனைக்கு வரும், கணக்கைச் செய்வம், அவ்வளவுதான். ஆளைப் பற்றி ஒருத்தரும் சொன்னதில்லை.

1878இல் உக்ரைனில், அப்போதைய ருசியப் பேரரசுக்குள் பிறந்தவர். முப்பது வயசு ஆகமுதலே கீவ் பொலிடெக்னிக்கில் பேராசிரியர். 1911இல் கல்வி அமைச்சர் கஸ்ஸோவுக்கு எதிரான ஒரு கடிதத்தில் கையெழுத்து வைச்சார், வேலை போச்சு. குடும்பத்தோட நடுத்தெருவில நிக்காமல் காப்பாற்றினது அந்த வருசம் கிடைச்ச சுராவ்ஸ்கி பரிசுப் பணம். கையெழுத்து வைக்கிறதோ விடுறதோ எண்டு தயங்கிற விரிவுரையாளர்களை நாங்களும் கண்டிருக்கிறம். எல்லாருக்கும் பரிசு வராது.

1918இல் உக்ரைன் விஞ்ஞானக் கழகத்தைத் தொடங்கினவர்களில் ஒருவர். பிறகு உள்நாட்டு யுத்தம். 1920இல் ஸாக்ரெப்புக்குப் போனார். குரோசிய மொழி சரியாத் தெரியாது. ருசிய மொழியிலேயே, தெரிஞ்ச குரோசியச் சொற்களைக் கலந்து பாடம் எடுத்தார். பெடியள் விளங்கிக்கொண்டினம்!

எங்கட பீம் கட்டுரை 1921இல், அவர் அங்க இருக்கேக்கதான் வெளிவந்தது. பழைய ஒய்லர்–பேர்ணூலிக் கணக்கு, பீம் வளைஞ்சாலும் அதின்ர குறுக்குவெட்டு அச்சுக்குச் செங்குத்தாகவே நிக்கும் எண்டு எடுத்துக்கொள்ளும். நீளமான, மெல்லிய பீமுக்கு அது போதும். கட்டையான, தடிச்ச பீம் எண்டால், அல்லது வேகமாக அதிர்ந்தால், வெட்டுவிசையால் வாற சரிவையும் சேர்க்கவேணும். சேர்க்காட்டி, பீம் உண்மையில இருக்கிறதைவிட விறைப்பானது எண்டு கணக்குப் பொய் சொல்லும்.

1922இல் அமெரிக்கா. 43 வயசில, இன்னொரு மொழியில, முதலில கம்பனி வேலை. வெஸ்டிங்ஹவுஸில் இளம் பொறியியலாளர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். 1927இல் மிச்சிகன், 1936இல் ஸ்டான்போர்ட். 1928 தொட்டு அதிர்வு, பொருட்களின் வலிமை, மீள்தன்மை எண்டு வரிசையாகப் புத்தகங்கள். பெரிய நிறுவனத்துக்குள்ள பொறியியலாளர்கள் தடுமாறின இடங்களை நேரில கண்டவர் எண்டதாலதான் அந்தப் புத்தகங்கள் இவ்வளவு தெளிவு எண்டு நாங்கள் நினைக்கிறம். கொஞ்சம் கறாரான ஆளும்தான். அமெரிக்கப் பொறியியலாளரின் கணித அறிவு போதாது எண்டு தன் நினைவுக்குறிப்புகளில் குறைப்படுகிறார்.

1957இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் அவர் பெயரில் ஒரு பதக்கத்தைத் தொடங்கி, முதலாவதை அவருக்கே குடுத்தது. 1972இல் ஜேர்மனியில், 93 வயதில் இறந்தார். கீவில் அவர் முதல் பணிப்பாளராக இருந்த இயந்திரவியல் நிறுவனம் இப்ப அவற்ற பேரிலதான் இருக்கு.