ரெப்போல இருந்து தூக்கிட்டா போதுமா?

ஒரு சாஃப்ட்வேர் க்ராஷ் ஆனா நமக்கு உடனே தெரிஞ்சிடும். திட்டுவோம், ரீஸ்டார்ட் பண்ணுவோம், மறுபடி வேலையைப் பார்ப்போம். ஆனா ஃபைல்சிஸ்டத்துல பிழை இருந்து, நாம சேவ் பண்ணினதை அது கெடுத்தா சத்தமே வராது. ஃபைல் இருக்கும், பேர் இருக்கும், உள்ளே இருக்கிறது மட்டும் தப்பா இருக்கும். மூணு வாரம் கழிச்சு ரிவ்யூ அன்னைக்குத் திறக்கும்போதுதான் தெரியும். அதுக்குள்ள பேக்கப்லயும் கெட்டுப்போன ஃபைலே போய் உட்கார்ந்திருக்கும்.

இதை ஏன் சொல்றேன்னா, நம்ம டிபார்ட்மென்ட் லேப்ல இருக்கிற டெபியன் மிர்ரரை ரெண்டு வருஷமா நான் பார்த்துக்கிறேன். மிர்ரர்னா பயப்படாதீங்க, டெபியன் ரெப்போவோட ஒரு நகல், அவ்வளவுதான். லேப் மெஷின் எல்லாம் இங்கிருந்தே அப்டேட் எடுத்துக்கும். ஏப்ரல்ல நான் கிளம்பிடுவேன். அடுத்து உங்கள்ல ஒருத்தர் இதை எடுத்துக்கணும். அவங்களுக்கு 2023 டிசம்பர்ல நடந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

டிசம்பர் 9, சனிக்கிழமை. டெபியன் 12.3 வெளியாக வேண்டிய நாள். பேக்கேஜ்கள் ஏற்கெனவே மிர்ரர்களுக்குப் போயாச்சு. அதுல 6.1.64 கெர்னலும் ஒண்ணு. இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்துல தகவலைக் கெடுக்கிற பிழை அந்தக் கெர்னல்ல இருக்குன்னு அப்போதான் தெரிய வந்தது. டெபியன் இன்ஸ்டால் பண்ணும்போது நாம எதையும் மாத்தலன்னா வர்ற ஃபைல்சிஸ்டமே இஎக்ஸ்டி4தான்!

காரணம் என்னன்னு பார்த்தா, புது கெர்னல்ல செஞ்ச ஒரு திருத்தத்தைப் பழைய 6.1 வரிசைக்கும் கொண்டு வந்திருந்தாங்க. அந்தத் திருத்தம் வேற ஒரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த மாற்றம் மட்டும் கூட வரல. அதனால டைரக்ட் ஐஓ முறையில எழுதும்போது, அடுத்து ஃபைல்ல எந்த இடத்துல எழுதணும்ங்கிற கணக்கு தப்பிப் போச்சு. தனியாப் பார்த்தா ரெண்டுமே நல்ல கோட்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு டீம் ப்ராஜெக்ட் மெர்ஜ் பண்ணின யாருக்கும் இது புதுக்கதை இல்ல.

இப்போ நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன செய்வீங்க? பேக்கேஜை ரெப்போல இருந்து அழிச்சிடலாம்னு தோணும். அது போதாது. ரெப்போல அழிச்சா இனிமே யாருக்கும் போகாது, சரி. ஏற்கெனவே இன்ஸ்டால் பண்ணினவங்க மெஷின்ல அது அப்படியே ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஆப்ட் தானா பழைய வெர்ஷனுக்குத் திரும்பாது. அதைவிடப் பெரிய எண்ணோட சரியான வெர்ஷன் ஒண்ணு வந்தாத்தான் எடுத்துக்கும். அதுவும் கெட்டுப்போன ஃபைலைச் சரி பண்ணித் தராது.

டெபியன்காரங்க அன்னைக்கே 12.3 இமேஜ் வெளியீட்டை நிறுத்தினாங்க. இப்போ அப்டேட் பண்ணாதீங்க, தானியங்கி அப்டேட் வெச்சிருக்கிறவங்க ஜாக்கிரதைன்னு வெளிப்படையாச் சொன்னாங்க. மறுநாளே 6.1.66 கெர்னலோட 12.4 வந்தது. 12.3க்கு இமேஜே வரல. நம்பர் வரிசையில ஒரு ஓட்டை விழுந்தா விழட்டும்னு விட்டுட்டாங்க. புது கெர்னல் வரும்போது பழையது பக்கத்துலயே இருக்கும்ங்கிறதால, மாட்டினவங்க கிரப் மெனுல பழையதைத் தேர்ந்தெடுத்து பூட் பண்ணித் தப்பிக்கவும் வழி இருந்தது.

டெபியன்ல ஒவ்வொரு பக்குக்கும் ஒரு தீவிர அளவு உண்டு. தகவல் இழப்பு உண்டாக்குற பக் 'கிரேவ்' வகையில சேரும். எத்தனை பேருக்கு நடந்ததுன்னு அந்த விளக்கத்துல ஒரு வார்த்தைகூட இல்ல. டைரக்ட் ஐஓவை டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் மாதிரி சில மென்பொருள்கள்தான் அதிகமாப் பயன்படுத்தும். சிலருக்குத்தானேன்னு விட்டுடலாம். அவங்க விடல.

போன செமஸ்டர்ல எனக்கு இது உதவுச்சு. பார்ட்டிஷன் அளவை மாத்துற ஒரு டூலோட புது வெர்ஷன் தகவலைக் கெடுக்குதுன்னு ஒரு பக் ரிப்போர்ட் கண்ணுல பட்டது. ரிவ்யூக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மிர்ரர் சிங்க்கை நிறுத்தினேன், லேப் வாசல்ல நோட்டீஸ் ஒட்டினேன். "ஒருத்தனுக்கு நடந்ததுக்கு ஏன் மச்சி ஊரையே பயமுறுத்துற?"ன்னு நண்பர்களே கேட்டாங்க. புது பேக்கேஜ் கிடைக்காம ரெண்டு டீம் ரெண்டு நாள் காத்திருந்தாங்க. அவங்க கோபம் நியாயம்தான். கடைசில யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதனால நான் செஞ்சது தேவைதானான்னு இன்னைக்கும் நிரூபிக்க முடியாது. இந்த வேலைல அது அப்படித்தான் இருக்கும், பழகிக்கணும்.

எடுத்துக்கப் போறவங்களுக்கு நான் விட்டுட்டுப் போறது இதுதான்:

செக்யூரிட்டி அப்டேட் உடனே போகட்டும், மத்தது மூணு நாள் தள்ளியே வரட்டும். ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் போட்டு வெச்சிருக்கேன், இன்ஸ்டாலுக்கு முன்னாடி தீவிரமான பக் இருந்தா அதுவே எச்சரிக்கும், எடுத்துடாதீங்க. சந்தேகம் வந்தா முதல்ல சிங்க்கை நிறுத்துங்க. அடுத்து எல்லாருக்கும் சொல்லுங்க. காரணத்தைத் தேடுறது அதுக்கப்புறம். எந்தெந்த மெஷின்ல அது ஏற்கெனவே ஏறியிருக்குன்னு ஒவ்வொண்ணாப் பாருங்க. ஒரு மாசத்துப் பழைய பேக்கப்பையாவது அழிக்காம வெச்சிருங்க.

நம்ம படிப்புல ரிவ்யூன்னா குறையை மறைச்சு டெமோ காட்டுறதுன்னு ஆகிப்போச்சு. ஓடாத மாட்யூலை ஸ்லைடுல தாண்டிப் போறோம். அந்தப் பழக்கத்தோட யாரும் இந்த மிர்ரர் பக்கம் வந்துடாதீங்க. அறுபது பேரோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அந்த டிஸ்க்குகள்ல இருக்கு.

செகண்ட் இயர், தேர்ட் இயர் பசங்க யாருக்கு ஆர்வம் இருந்தாலும் லேப் பக்கம் வாங்க. பெரிசா எதுவும் தெரிஞ்சிருக்க வேணாம். மத்ததை உட்கார்ந்து சொல்லித் தர்றேன்.