வாகோபாவின் ஊரில் ஒரு பணிமனை

கோரேகாவ் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே ஆட்டோ பிடித்தால், நெடுஞ்சாலையைத் தாண்டிய சில நிமிடங்களில் மும்பை காணாமல் போய்விடும். இருபுறமும் மரங்கள், சாணி வாசனை, வரிசையாக எருமைத் தொழுவங்கள். இதுதான் ஆரே. நகரத்துக்குள் முட்டிமோதிக் கிடந்த எருமைகளை வெளியே கொண்டுவர 1949-இல் தாரா குரோடி முன்னின்று அமைத்த பால் காலனி. ஏறக்குறைய 3,160 ஏக்கர். தொழுவங்களுக்கு 'யூனிட்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, இங்கே வழி கேட்டால் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள்.

எருமைகள் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. வார்லி, கோக்னா, மல்ஹார் கோலி பழங்குடியினர் வாழும் சிற்றூர்களைப் 'பாடா' என்கிறார்கள். மொத்தம் 27 பாடாக்கள். அடுத்த வேலி தேசியப் பூங்கா என்பதால் சிறுத்தை வந்துபோகும். அவர்களுக்கு அது வெறும் விலங்கல்ல, வாகோபா. மரத்தடியில் செந்தூரம் பூசிய கல்லாக நின்று ஊரைக் காக்கும் சாமி. அதற்கு மதில் இல்லை, கோபுரம் இல்லை, முக்கியமாகப் பட்டா இல்லை. வரைபடம் போடுகிறவர் கண்ணுக்கு இடம் காலியாகத்தானே தெரியும்! திரைப்பட நகரம் இந்தப் பக்கம் வந்தபோதும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அடுத்து வந்தது மெட்ரோ. அதன் மூன்றாம் தடத்தின் நீளம் 33.5 கிலோமீட்டர். 27 நிலையங்களில் 26 மண்ணுக்கு அடியில். மேலே தலைகாட்டுவது ஆரே மட்டும். ரயிலைச் சுரங்கத்தில் ஓட்டலாம். ஆனால் இரவில் நிறுத்தவும் கழுவவும் பழுதுபார்க்கவும் பணிமனை வேண்டும், அதற்குப் பரந்த தரை வேண்டும். அதை ஆரேயில் கண்டார்கள். அந்தத் தரைக்காகப் பிரஜாபூர்பாடா குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. மாடியில் வீடு கிடைக்கும். மழைக்காலத்தில் காய்கறி போட்ட மண் கிடைக்காது.

2019 அக்டோபர் 4 அன்று பணிமனைக்காக ஆரே மரங்களை வெட்டுவதை எதிர்த்த மனுக்களை மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவே ரம்பங்கள் இறங்கின. மூன்றாம் நாள் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது 2,141 மரங்கள் விழுந்திருந்தன. பிறகு ஆட்சி மாற மாற, பணிமனைத் திட்டம் 2020-இல் காஞ்சூர்மார்க் என்ற இடத்துக்குப் போனது, 2022-இல் ஆரேக்கே திரும்பி வந்தது. இடையில் ஆரேயின் சுமார் 800 ஏக்கர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது ஒரு நல்ல காரியம். அனுமதித்ததைவிட அதிக மரங்களை வெட்ட முனைந்ததற்காக 2023-இல் மெட்ரோ நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது.

போராடியவர்கள் யாரும் மெட்ரோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. லோக்கல் ரயிலில் தொங்கிப் போகிற ஊர் எப்படிச் சொல்லும்? பணிமனையை வேறிடத்தில் வையுங்கள் என்றுதான் கேட்டார்கள். என் கணக்கில் பிழை ரம்பத்துக்கு வெகு முன்பே நடந்துவிட்டது: கோடு போடுவதற்கு முன் பாடாவுக்குப் போய் உட்கார்ந்து, இங்கே எது வயல், எது சாமி என்று கேட்டிருக்க வேண்டும். வார்லி மக்களின் ஓவியத்தைப் புடவையிலும் காபிக் கோப்பையிலும் போட்டுக்கொள்ளத் தெரிந்த நகரத்துக்கு, அவர்களிடம் கேட்க மட்டும் தெரியவில்லை.

2024 அக்டோபர் 7 முதல் ஆரே நிலையத்தில் பயணிகள் மெட்ரோ ஏறினார்கள். நிலையத்தின் பெயர் ஆரே ஜே.வி.எல்.ஆர்.; பின்பாதி பக்கத்து இணைப்புச் சாலையின் சுருக்கம். அதே மாதக் கடைசியில், தீபாவளியை ஒட்டி, வாக்பாரஸ் வந்தது. தேங்காயும் கோழியும் படைத்து வாகோபாவைக் கும்பிடும் நாள்.