முதல் மழைக்கு முளைத்தவை

கரிசல் நிலத்துக்கு நினைவாற்றல் மிகுதி. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கிறது. அவ்வெடிப்புகளுக்குள் காற்று கொண்டுவந்த விதைகளும், சென்ற ஆண்டுக் கதிரிலிருந்து உதிர்ந்த மணிகளும் விழுந்து மறைகின்றன. புரட்டாசியில் மழை இறங்கியதும், உழவர் விதைத்த உளுந்தும் பாசியும் மேலெழுவதற்குள், யாரும் விதைக்காத கோரையும் அறுகும் சாரணையும் தலைநீட்டிவிடுகின்றன. அவையும் அதே ஈரத்தைத்தான் குடிக்கின்றன. மானாவாரி நிலத்தில் ஈரம் அளவானது. எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களின் உழவுத்தொழில், அந்த அளவான ஈரத்தை யார் குடிப்பது என்னும் வழக்காகவே பெரிதும் நடந்துவருகிறது.

எட்டயபுரத்தில் கணினி பழுதுநீக்கும் சிறு கடை ஒன்றை நடத்திவரும் எனக்கு, இந்த வழக்கு நாள்தோறும் வேறொரு வடிவில் வந்து சேர்கிறது. "எந்திரம் கெட்டுப்போய்விட்டது" என்று என்னிடம் கொண்டுவரப்படும் மடிக்கணினிகளுள் பல, உண்மையில் கெட்டவை அல்ல. விழிக்கும் வேளையிலேயே களைத்துப்போனவை அவை.

கணினி எவ்வாறு விழிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்பொத்தானை அழுத்தியதும், தாய்ப்பலகையிலுள்ள சிறிய சில்லு ஒன்றில் பதிந்திருக்கும் நிரல்தான் முதலில் கண் திறக்கிறது. நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, வட்டு இருக்கிறதா என்று அது தொட்டுப் பார்க்கிறது. பின்னர் வட்டிலிருந்து ஒரு சிறு நிரலை எடுத்து இயக்குகிறது. அச்சிறு நிரல் இயங்குதளத்தின் கருவை எழுப்புகிறது. கரு, ஏனைய பணிகளை எழுப்புகிறது. ஒருவர் தம் காலணி வாரைத் தாமே பற்றித் தம்மைத் தூக்கிக்கொள்வது போன்ற செயல் என்று கருதியே ஆங்கிலத்தில் இதற்கு 'பூட்டிங்' என்று பெயரிட்டார்கள். இயங்குதளம் எழுந்து, நாம் கடவுச்சொல்லைத் தந்த பிறகுதான் கடைசிக் கட்டம் வருகிறது. கணினி தன்னிடமுள்ள ஒரு பட்டியலை எடுத்து, அதிலுள்ள நிரல்களை ஒவ்வொன்றாக, நாம் கேளாமலே, தொடங்கிவைக்கிறது.

இந்தப் பட்டியல் புதியதன்று. டாஸ் இயங்குதளக் காலத்தில் 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' என்ற ஒரே கோப்பில் அது இருந்தது. பத்து வரி எழுத்து; திறந்தால் படிக்கலாம்; வேண்டாத வரியை அழிக்கலாம். விண்டோஸ் வந்தபின் அப்பட்டியல் பல இடங்களுக்குச் சிதறியது. தொடக்கக் கோப்புறையில் சில, 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பதிவேட்டுக்குள் சில, காலம் குறித்துவைத்த பணிகளில் சில, சேவைகள் என்ற பெயரில் பல. லினக்ஸிலும் இத்தகைய பட்டியல்கள் உண்டு. கணினி வளர வளர, அதன் உரிமையாளர் கண்ணிலிருந்து இப்பட்டியல் விலகிக்கொண்டே போயிற்று என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு கோடையில் ஒரு மாணவி தன் அக்காளின் மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அக்காளுக்குக் கிடைத்தது அது. அத்திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. இவள் கொண்டுவந்தது பின்னர் வந்த வகை. அக்காள் படித்து முடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்.

"அண்ணாச்சி, இது தேறாது, புதுசு வாங்கிருங்கன்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க. அம்மா கம்மல அடகு வைக்கப் போறேங்கிறாங்க. கவுன்சிலிங்குக்குப் பதியணும், இன்னும் நாலு நாள்தான் இருக்கு" என்றாள்.

"கம்மல் காதுலயே இருக்கட்டும் தாயி. முதல்ல இது என்ன செய்யுதுன்னு பார்ப்போம்" என்றேன்.

பொத்தானை அழுத்திக் கடிகாரத்தைப் பார்த்தேன். திரை வந்தது, படம் வந்தது, சுட்டி நகரவில்லை. உலாவியைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்க்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. விசிறி மூச்சு வாங்கியது. வட்டின் விளக்கு அணையாமல் எரிந்தது. நோய் எங்கிருக்கிறது என்பதை அந்த விளக்கே காட்டிக்கொடுத்துவிட்டது.

பழைய வன்வட்டு என்பது சுழலும் தட்டு. இத்தகைய மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதன் மேல் ஒரே ஒரு கை, எழுத்தைத் தேடி இங்குமங்கும் நகர்ந்து படிக்கிறது. ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவிப் படிக்க அக்கைக்கு வினாடியில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறையாத நேரம் வேண்டும். அதாவது, எத்தனை விரைந்தாலும் வினாடிக்கு நூறு தாவல்களுக்குமேல் அதனால் இயலாது. ஒரு நிரல் மட்டும் கேட்டால் அது வரிசையாகப் படித்துக் கொடுத்துவிடும். இருபது நிரல்கள் ஒரே வேளையில் கேட்டால், ஒருவருக்கு அரைக்குடம், மற்றவருக்குக் கால்குடம் என்று ஒற்றைக் கயிற்றுக் கிணற்றில் இருபது பேர் நீர் இறைத்த கதையாகிவிடும். யாருக்கும் குடம் நிறைவதில்லை. சுழலும் தட்டில்லாத திண்மநிலை வட்டுக்கு இந்தத் துன்பம் மிகக் குறைவு. ஆனால் அதற்குப் பணம் வேண்டும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் பணி மேலாளர் திறக்கும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், தொடக்க நிரல்களின் பட்டியல் அதற்குள்ளேயே ஒரு பிரிவாக அமைந்திருக்கிறது. நிரலின் பெயர், வெளியிட்டவர், இயங்குநிலை ஆகியவற்றோடு, கணினி விழிப்பதில் அது ஏற்படுத்தும் தாக்கமும் அங்கே எழுதப்பட்டிருக்கும். தொடங்கும்போது செயலியை ஒரு வினாடிக்குமேல் எடுத்துக்கொள்ளும் நிரலையோ, வட்டில் 3 மெகாபைட்டுக்குமேல் படித்து எழுதும் நிரலையோ 'உயர் தாக்கம்' என்று அது குறிக்கும். அம்மாணவியின் பட்டியலில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன.

அப்பட்டியலை நானும் அவளும் சேர்ந்து படித்தோம். படிக்கப் படிக்க அது அவள் அக்காளின் நாட்குறிப்பைப் போலத் தோன்றியது. கொரோனாக் காலத்து இணைய வகுப்புக்காக நிறுவிய காணொலி நிரல்கள் இரண்டு. வகுப்புகள் முடிந்து ஆண்டுகள் கடந்தும் அவை காலைதோறும் எழுந்து ஆசிரியருக்காகக் காத்திருந்தன. கல்லூரித் தோழியிடமிருந்து இரவல் வாங்கிய அச்சுப்பொறியின் உதவி நிரல் ஒன்று. அச்சுப்பொறி திரும்பிப் போய்விட்டது, உதவியாள் மட்டும் தங்கிவிட்டான். இசை கேட்கும் நிரல் ஒன்று. பழைய கைபேசியோடு படங்களைப் பரிமாறிக்கொள்ளும் நிரல் ஒன்று. தத்தம் முதன்மை நிரலுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் விழிப்பவை நான்கு. கணினியை விரைவாக்குவதாக வாக்களிக்கும் நிரல் ஒன்று. தாக்கம் 'உயர்' என்றிருந்தவற்றுள் அதுவும் ஒன்று என்பதைக் கண்டு அவள் சிரித்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக வைரஸ் தடுப்பு நிரல்கள் இரண்டு இருந்தன. ஒன்று திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் மற்றொன்று சோதித்தது. ஒரே வாசலில் இரண்டு காவலர் நின்று, உள்ளே வருவோரை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டிருந்தால் வீடு என்ன ஆகும்? அவற்றுள் காலாவதியான ஒன்றை முடக்கினால் மட்டும் போதாது என்பதால் முழுமையாக நீக்கினேன்.

முடக்குதல் வேறு, நீக்குதல் வேறு. மாணவர்கள் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கிறார்கள். முடக்கிய நிரல் கணினியிலேயே இருக்கிறது. தானாக எழாது, அவ்வளவுதான். வேண்டும்போது நாம் எழுப்பலாம். தானியத்தைக் குலுக்கைக்குள் போட்டு மூடிவைப்பதற்கும் தெருவில் கொட்டிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆகவேதான், முடக்குவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. எனினும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் முடக்குவதும் கூடாது. தொடுபலகை, ஒலி ஆகியவற்றுக்கான உதவி நிரல்களும் அதே பட்டியலில்தான் நிற்கின்றன. பெயர் விளங்காத ஒன்றைக் கண்டால், அது யார் வெளியிட்டது, எந்தக் கோப்புறையிலிருந்து எழுகிறது என்று விசாரித்த பிறகே கைவைக்க வேண்டும்.

விசாரிக்க இன்னொரு காரணமும் உண்டு. தீநிரல் எழுதுவோர் முதலில் குறிவைக்கும் இடம் இப்பட்டியல்தான். கணினியை அணைத்தவுடன் நினைவகத்திலிருப்பவை மறைந்துவிடும். மறுநாளும் உயிர்த்திருக்க வேண்டுமானால் தொடக்கப் பட்டியலில் ஓர் இடம் பிடித்தாக வேண்டும். விரலி வட்டைச் செருகியதுமே தானே இயங்கும் வசதி விண்டோஸில் முன்பு இருந்தது. 2008இல் தோன்றி உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் என்னும் தீநிரல் அவ்வழியையும் பயன்படுத்திக்கொண்டது. பழைய விண்டோஸ் பதிப்புகளில் அவ்வசதியை 2011 பிப்ரவரியில் ஒரு புதுப்பிப்பின் மூலம் மைக்ரோசாப்ட் அடைத்தது. அக்காலத்தில் நகலகத்துக்கும் இணைய மையத்துக்கும் போய்வந்த விரலி வட்டுகள் எத்தனை கணினிகளுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தன என்பதைப் பழுதுநீக்குவோரைக் கேட்டால் சொல்வார்கள்.

பத்தொன்பதில் ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டே வந்தபோது, ஒரு பெயரின்மேல் சுட்டி நின்றது. அம்மாணவி சட்டென்று, "அத விட்ருங்க அண்ணாச்சி, அது அக்காவோட தமிழ்" என்றாள்.

தமிழ்த் தட்டச்சுக்கான விசைப்பலகை நிரல் அது. திரையின் வலப்பக்க மூலையில், கடிகாரத்துக்கருகே சிறு படமாக அமர்ந்திருக்கும். இன்றைய மாணவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்காது. இன்று இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை அமைந்திருக்கிறது. கைபேசியோ கேட்பதற்கு முன்பே தமிழைத் தருகிறது. அக்காலத்தில் அவ்வாறில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' உருவாக்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்துத் 'தமிழ்99' விசைப்பலகை பொதுத்தரமாயிற்று. 'அழகி', 'எ-கலப்பை', 'என்.எச்.எம். ரைட்டர்' எனத் தனியார்வத்தாலும் சிறு குழுக்களாலும் நிரல்கள் பிறந்தன. விலையின்றிக் கிடைத்த இவற்றைக் கொண்டே ஒரு தலைமுறை இணையத்தில் தமிழ் எழுதியது. கலப்பை என்று ஒரு கணினி நிரலுக்குப் பெயரிட்டவரை நான் நேரில் அறியேன். ஆனால் கரிசல்காட்டில் கடை வைத்திருப்பவனுக்கு அப்பெயர் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இந்நிரல்கள் எல்லாம் கணினி எழும்போதே எழுந்து, விசைகளுக்கும் திரைக்கும் நடுவே காத்திருக்க வேண்டியவை. 'அ' வேண்டி ஒரு விசையை அழுத்தினால், ஆங்கில எழுத்து திரையைச் சேருமுன் அதை வாங்கித் தமிழாக்கித் தருவது அவற்றின் பணி. தூங்கினால் தமிழ் இல்லை. தானாகத் தொடங்குதல் என்னும் உரிமையைப் பத்தொன்பதில் உண்மையாகவே ஈட்டியிருந்தவை சிலவே. அவற்றுள் இது ஒன்று. பாரதி பிறந்த ஊரில் ஒரு கணினி தமிழறியாமல் விழிப்பது எனக்கும் ஒப்பவில்லை. அதன் தாக்கம் 'குறைவு' என்றே பட்டியலும் சொல்லிற்று.

மற்றவை இவ்வுரிமையை எப்படிப் பெற்றன? பெரும்பாலும் நம் கையொப்பத்தோடுதான். நிரலை நிறுவும்போது 'அடுத்து, அடுத்து' என்று நாம் அழுத்திச் செல்லும் பக்கங்களுள் ஒன்றில், 'கணினி தொடங்கும்போது தொடங்குக' என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைத்திருப்பார்கள். நிரலை எழுதுவோர் நோக்கில் அது இயல்பே. தம் நிரல் உடனே திறந்தால் 'விரைவானது' என்ற நற்பெயர் அதற்குக் கிடைக்கும். காத்திருக்கும் நேரமோ கணினியின் கணக்கில் சேரும். இவ்வாறு ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டால், 4 ஜிபி நினைவகத்தில் உடையவளுக்கு மிஞ்சுவது என்ன? புதிய கணினி வாங்கக்கூடியவர் இதை உணர்வதில்லை. அக்காளிடமிருந்து தங்கைக்கும், தங்கையிடமிருந்து தம்பிக்கும் ஒரே கணினி இறங்கிவரும் வீடுகளில்தான் இந்தக் கணக்கு முழுமையாக வந்து விடிகிறது.

காலாவதியான தடுப்பு நிரல் போக, பதினெட்டில் நான்கை மட்டும் விட்டுவைத்தோம். தொடுபலகை, ஒலி, எஞ்சிய தடுப்பு நிரல், அக்காளின் தமிழ். மறுதொடக்கம் செய்தோம். உலாவி திறக்க இரண்டரை நிமிடம் ஆயிற்று. புதிய கணினியின் வேகம் அன்று. வட்டு பழையது, அதற்குமேல் அதனிடம் கேட்க இயலாது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. என் கடை மேசையிலேயே அமர்ந்து, சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பதிவை முடித்தாள். நடுவில் ஒருமுறை மின்சாரம் நின்றது. மின்கலம் இருபது நிமிடம் தாங்கியது.

ஆவணியில் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். திருநெல்வேலியில் இடம் கிடைத்திருந்தது. தாயின் காதில் கம்மல் இருந்தது. மகள் ஒரு குறிப்பேட்டைக் காட்டினாள். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் பட்டியலைத் திறந்து, புதிதாக முளைத்த பெயர்களை எழுதிவைத்திருந்தாள். மூன்று மாதத்தில் ஐந்து பெயர்கள். நான்குக்கு எதிரே, எதற்காக வந்தது, யார் கேட்டது என்று எழுதி அடித்திருந்தாள். ஐந்தாவதற்கு எதிரே கேள்விக்குறி மட்டும் இருந்தது.

"இது என்னன்னு தெரியல அண்ணாச்சி, பார்ப்போமா?" என்று பையிலிருந்து கணினியை எடுத்தாள்.